காசநோய் மாத்திரையை இடையில் விடாமல் முடிப்பது எப்படி: முதல் இருமலிலிருந்து கடைசிச் சளிப் பரிசோதனை வரை

என் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்து வந்தான். அவனுக்குக் காசநோய் என்று தெரிவதற்குள் பத்து வாரம் போய்விட்டது. தெரிந்த பிறகும், ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை, நடுவில் அவன் 19 நாள் மாத்திரையை நிறுத்தியதால் இன்னும் நீண்டது. மருந்து எங்கள் கிராமத்திலிருந்து நான்கு கிலோமீட்டரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே இருந்தது. எங்கே போவது, யாரிடம் என்ன கேட்பது, எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போவது, எந்த மாதத்தில் மனம் தளரும் என்பவை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அலைந்து தெரிந்துகொண்டதை, இப்போதுதான் அந்தப் படியேறப் போகிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருந்தின் அளவையும் மாற்றத்தையும் உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளைப் பற்றியே நான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அரசு வழியாகச் சிகிச்சை பெறுகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

1. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் நேராகச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் ஏறி இரவில் வியர்த்து இறங்கும் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், பசியின்மை, சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "எனக்குச் சளிப் பரிசோதனை எடுக்க வேண்டும்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். "இருமல்" என்று மட்டும் சொன்னால், கூட்டம் மிகுந்த நாளில் இருமல் மருந்தோடு திரும்ப நேரிடலாம். எத்தனை நாளாக இருமல் இருக்கிறது என்ற எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்த தவறு, மருந்துக்கடையிலும் பிறகு ஒரு தனியார் கிளினிக்கிலுமாக மாறி மாறி மாத்திரை வாங்கியதுதான். அந்தப் பத்து வாரத்தில் ஆலோசனைக் கட்டணம், இருமல் மருந்து, இரண்டு முறை இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து 7,400 ரூபாய் செலவானது. பணம் போனதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதில் இருப்பது எங்களுக்குப் பிறகே தெரிய வந்தது. லெவோஃபிளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அவற்றை ஐந்து நாள், ஏழு நாள் என்று எடுக்கும்போது இருமல் சற்றுக் குறைந்து, நோய் மறைந்தது போலத் தோன்றும். கிருமியோ உள்ளேயே இருக்கும், கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும். ஆகவே, இரண்டு வார இருமலுக்குக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் தூக்கி எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிப் பிரிவு காலையில்தான் முழுமையாக இயங்கும். எட்டரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பரிசோதனைக் கூடத்தில் அன்றே மாதிரியைக் கொடுத்துவிடலாம். நகரத்தில் இருப்பவர்களுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும் உள்ளன. எங்கே போவதென்று புரியாவிட்டால் காசநோய்க்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666. தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் கேட்கலாம்.

2. சளி கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு

வழக்கமாக இரண்டு மாதிரிகள் கேட்பார்கள். ஒன்றை அங்கேயே கொடுக்க வேண்டும். மற்றொன்று மறுநாள் காலையில் எழுந்ததும் வீட்டில் எடுப்பது. டப்பாவை வாங்கும்போதே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காலை மாதிரிதான் மிக முக்கியம். சாப்பிடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, திறந்த வெளியில், மற்றவர்களிடமிருந்து விலகி நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கெட்டியான சளியை எடுக்க வேண்டும். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனை வீண். தம்பி முதல் நாள் கூச்சத்தில் எச்சிலைத்தான் கொடுத்தான். "மாதிரி சரியில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். அதில் நான்கு நாள் போனது.

கிருமியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு முறை. சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகளில் மரபணு வழியாகப் பார்ப்பது இன்னொரு முறை. கருவிப் பரிசோதனை இரண்டு விதத்தில் உதவுகிறது: குறைந்த அளவுக் கிருமியையும் காட்டிவிடும்; ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து இந்தக் கிருமியிடம் வேலை செய்யுமா என்பதையும் சொல்லிவிடும். கருவி ஓடும் நேரம் ஓரிரண்டு மணி மட்டுமே. ஆனால் எல்லா நிலையங்களிலும் கருவி இருப்பதில்லை. மாதிரியைக் கருவி உள்ள இடத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். "கருவிப் பரிசோதனைக்கும் அனுப்புகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். அரசு வழியில் இதற்குக் கட்டணம் இல்லை. தனியாரிடம் ஆயிரங்களில் ஆகும்.

சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும் அறிகுறிகள் தொடர்ந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கழுத்தில் நெறிக்கட்டி, முதுகெலும்பு, வயிறு என்று நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயைச் சளியில் காண முடியாது. அதற்கு அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

3. முடிவு வந்த அன்றே கேட்டுப் பெற வேண்டியவை

முடிவைக் கேட்டதும் மனம் கலங்கிவிடும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. அன்று கேட்டிருக்க வேண்டிய பலவற்றைக் கேட்காமலே வீடு திரும்பினோம். ஆகவே, நோயாளியோடு இன்னொருவர் கட்டாயம் போங்கள்.

முதலில் நிக்ஷய் எண். ஒவ்வொரு காசநோயாளியின் விவரமும் நிக்ஷய் என்ற தேசியப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, ஓர் எண் வழங்கப்படும். மருந்து, பரிசோதனை, உதவித்தொகை, ஊர் மாற்றம் எல்லாம் இந்த எண்ணை வைத்தே நடக்கும். சிகிச்சை அட்டையில் அதை எழுதி வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் இந்தப் பதிவு உண்டு; 2012 முதல் காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். அங்கே சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே அரசின் இலவச மருந்தையும் உதவித்தொகையையும் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது எடை, உயரம், உடல்நிலை. தமிழ்நாட்டில் 2022 முதல் "காசநோய் இறப்பிலாத் திட்டம்" நடைமுறையில் உள்ளது. அதன்படி, நோய் கண்டறியப்பட்ட உடனேயே செவிலியர் சில அளவுகளை எடுத்து, ஆபத்தான நிலையில் இருப்பவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடை மிக மிகக் குறைவாக இருத்தல், நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குதல், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே போதல், பிறர் தாங்காமல் எழுந்து நிற்க முடியாமை ஆகியவையே அந்த அடையாளங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும், மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். அன்றே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். காசநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே நிகழ்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சமோ தயக்கமோ காட்டவே கூடாது.

சர்க்கரைப் பரிசோதனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் எல்லாக் காசநோயாளிகளுக்கும் செய்யப்படுகின்றன. உங்கள்மீது சந்தேகப்பட்டுச் செய்கிறார்கள் என்று எண்ணி மறுத்துவிடாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காசநோய் மருந்தும் சரியாகப் பலன் தராது. ரிஃபாம்பிசின் வேலை செய்யாது என்று முடிவு வந்தவர்களை மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புவார்கள்; அவர்களுக்கு மருந்தும் காலமும் வேறு. கீழே நான் சொல்லும் மருந்துக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

4. ஆவணங்களும் உதவித்தொகையும்

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் நகல், வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்க நகல், நடப்பில் உள்ள கைப்பேசி எண், ரேஷன் அட்டை நகல், பழைய மருந்துச் சீட்டுகளும் எக்ஸ்ரேயும். இவற்றில் ஏதாவது இல்லையென்பதற்காக மருந்தைத் தொடங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து முதலில், காகிதம் பிறகு. "ஆதார் திருத்தம் முடிந்ததும் வருகிறோம்" என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

நிக்ஷய் போஷன் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. முன்பு 500 ஆக இருந்தது, 2024 நவம்பர் முதல் இருமடங்காக்கப்பட்டது. ஆறு மாதச் சிகிச்சைக்கு 6,000 ரூபாய். நோய் கண்டறிந்ததும் முன்பணமாக 3,000 ரூபாயும், 84 நாள் சிகிச்சை முடிந்ததும் மீதி 3,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் கணக்கே காரணமாக இருக்கும். தம்பியின் கணக்கு இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படாமல் முடங்கிக் கிடந்ததால் முதல் தவணை ஏறவில்லை. நாங்கள் ஒன்றரை மாதம் கழித்தே அதைக் கவனித்தோம். 2020இல் சில பொதுத்துறை வங்கிகள் இணைக்கப்பட்டதால், பழைய பாஸ்புத்தகத்தில் அச்சிட்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இப்போது செல்லாததாக இருக்கலாம். ஆதாரில் ஒரு முன்னெழுத்தும் வங்கியில் வேறொரு முன்னெழுத்தும் இருந்தாலும் சிக்கல் வரும். ஆகவே, நகலைக் கொடுப்பதற்கு முன்னால் வங்கிக்குப் போய்ப் பாஸ்புத்தகத்தைப் பதிந்து, கணக்கு நடப்பில் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். கணக்கே இல்லையென்றால், அஞ்சலகத்தில் ஆதாரையும் கைப்பேசியையும் கொண்டுபோய்க் கைரேகை வைத்து அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கைத் தொடங்கிவிடலாம். நகலைக் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பணம் வராவிட்டால், எங்கள் பக்கத்தில் "டிபி சார்" என்று அழைக்கும் சிகிச்சை மேற்பார்வையாளரிடம் நிக்ஷய் எண்ணைச் சொல்லி எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். நோய் காரணமாக வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை இ.எஸ்.ஐ. தருகிறது. நீண்டகால நோய்கள் பட்டியலில் காசநோயும் இருப்பதால், குறைந்தது இரண்டு ஆண்டு பணியும் போதிய சந்தா நாள்களும் உள்ளவர்களுக்கு அதற்கப்பாலும் 80 விழுக்காடு நீட்டிக்கப்படுகிறது. ஆனால் விடுப்புச் சான்றிதழை இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவர்தான் தர வேண்டும். நாங்கள் ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டை மட்டும் வைத்திருந்து, இரண்டு மாதத்துக்கான கூலி உதவியை இழந்தோம். நோய் உறுதியான வாரத்திலேயே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

5. மாத்திரை: எத்தனை, எப்போது, யார் முன்னிலையில்

மருந்து வேலை செய்யும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் கலந்த மாத்திரை, 56 வேளை. அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் கலந்தது, 112 வேளை. தினமும் ஒரே வேளை. எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: பெரியவர்களில் 35 முதல் 49 கிலோ வரை 3 மாத்திரை, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5. ஆகவே எடை பார்க்காமல் மாத்திரை கொடுத்தால், "எடை பார்த்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். சிகிச்சையில் எடை கூடும்போது எண்ணிக்கையும் மாற வேண்டியிருக்கலாம். மாதந்தோறும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

அன்றைய மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று பிரித்தால் மருந்தின் வேகம் போதாது. வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. குமட்டல் தாங்க முடியாதவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஓர் இட்லியோ சிறிது கஞ்சியோ சாப்பிட்ட பிறகு எடுக்கலாம். வயிற்றெரிச்சலுக்கான மாத்திரையையோ டானிக்கையோ அதே நேரத்தில் சேர்த்து விழுங்காதீர்கள். அது மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

சிகிச்சை ஆதரவாளர் என்று ஒருவரைப் பதிவார்கள். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்பத்தில் ஒருவர் என்று யாராகவும் இருக்கலாம். நோயாளி யாருடைய பேச்சைத் தட்டமாட்டாரோ அவரையே தேர்ந்தெடுங்கள். இதை வெறும் சடங்காக நினைத்துப் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா அந்தப் பொறுப்பை ஏற்றார். மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும், இன்னும் எத்தனை வேளை மீதி என்பதை எழுதினார்: 168, 167, 166 என்று. விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த எண்ணை அடிப்பார். கைப்பேசி அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட முடியும். அந்தக் காலண்டரை ஏமாற்ற முடியவில்லை.

மருந்து முடிய ஐந்து நாள் இருக்கும்போதே அடுத்த மாத்திரை அட்டைகளை வாங்கிவிடுங்கள். விடுமுறை, மழை, இருப்பு வருவதில் தாமதம் என்று ஏதாவது ஒன்று எப்போதும் குறுக்கே வரும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால், எங்கள் வீட்டில் அம்மாவே போய் வாங்கி வந்தார்; தம்பியின் ஒரு நாள் கூலி மிஞ்சியது.

6. பக்கவிளைவுகள்: எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே ஓட வேண்டும்

சிறுநீரும் வியர்வையும் சிவந்த ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினின் நிறம், தீங்கில்லை. முதல் நாளே இதைச் சொல்லிவைக்காததால், தம்பி இரத்தம் போகிறது என்று பயந்து இரண்டாம் நாள் மாத்திரையைத் தொட மறுத்தான். குமட்டல், மூட்டுவலி, லேசான அரிப்பு, கை கால் மரத்துப்போதல் ஆகியவை பலருக்கு வருகின்றன; அவற்றுக்குத் துணை மருந்து உண்டு. மரத்துப்போகாமல் இருக்கப் பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரையைச் சேர்த்துத் தருவார்கள்; தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கண்ணோ தோலோ மஞ்சளாதல், நிற்காத வாந்தி, பார்வை மங்குதல் அல்லது சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமை, உடல் முழுதும் தடிப்பு ஆகியவை வந்தால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். எந்த மருந்தை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அவரே சொல்ல வேண்டும். நீங்களாக ஒரு மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது.

ரிஃபாம்பிசின் வேறு பல மருந்துகளின் வேகத்தைக் குறைக்கும். கருத்தடை மாத்திரை, சில சர்க்கரை மாத்திரைகள், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றை எடுப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மதுப்பழக்கத்தையும் மறைக்காதீர்கள். ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் இவை. குடிப்பவர் என்று தெரிந்தால் இரத்தப் பரிசோதனையில் கூடுதல் கவனம் வைப்பார்கள். திட்டுவார்களோ என்று பயந்து தம்பி மறைத்தான். கடைசியில் சொன்னபோது யாரும் திட்டவில்லை.

7. மூன்றாம் மாதத்துக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். இரண்டு மாதம் முடியும்போது இருமல் நின்றிருக்கும், காய்ச்சல் போயிருக்கும், மூன்று நான்கு கிலோ எடை கூடியிருக்கும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும். மாத்திரையும் நான்கு மருந்திலிருந்து மூன்றாகக் குறையும். எல்லாமே "முடிந்துவிட்டது" என்று சொல்வது போல இருக்கும். அதே நேரத்தில் கடன்காரர் கேட்பார், கம்பெனியிலிருந்து அழைப்பார்கள். என் தம்பி எழுபதாவது நாள் வாக்கில் திருப்பூருக்குப் போனான். கையோடு கொண்டுபோன மாத்திரை தீர்ந்ததும், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டான். அம்மா தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "போட்டுவிட்டேன்" என்றான். 19 நாள் கழித்து மாலைக் காய்ச்சல் திரும்பியபோதுதான் உண்மை வந்தது.

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. அதனால்தான் உடம்பு தேறுகிறது. ஆனால் மந்தமாகக் கிடக்கும் கிருமிகளைக் கொல்ல மீதி நான்கு மாதம் தேவைப்படுகிறது. இடையில் விட்டால் அவை மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறலாம். தம்பிக்கு மீண்டும் சளியைக் கருவியில் பார்த்து, மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, விட்ட வேளைகளைக் கடைசியில் சேர்த்து முடிக்கச் சொன்னார்கள். ஒரு மாதமோ அதற்கு மேலோ விட்டிருந்தால் "சிகிச்சையைக் கைவிட்டவர்" என்ற கணக்கில் போய், முழு மதிப்பீட்டையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

எனவே ஐம்பதாவது நாளுக்குள் சில ஏற்பாடுகளைச் செய்துவிடுங்கள். வேலைக்குத் திரும்பலாமா, எப்போது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சை சரியாக நடந்து, சளி சுத்தமாகியிருந்தால் பெரும்பாலானவர்கள் மாத்திரையோடு வேலைக்குப் போகலாம். இரவுப் பணி, கூடுதல் நேரப் பணி இல்லாமல் கேட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஊரில் மாத்திரையைப் பார்த்துக் கொடுக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அறை நண்பராக இருந்தாலும் போதும். எப்போதாவது இரண்டு நாள் தவறிவிட்டால், வெட்கப்பட்டு மேலும் பத்து நாள் மறைந்திருக்காமல் மூன்றாம் நாள் காலை போய்ச் சொல்லிவிடுங்கள். நிலையத்தில் இருப்பவர்கள் கடிந்துகொண்டாலும், மருந்தைக் கொடுத்தே அனுப்புவார்கள்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு வீண் செலவும் காத்திருக்கிறது. குணமாகிவிட்டதா என்று பார்க்கத் தனியாரிடம் பணம் கட்டி மரபணுக் கருவிப் பரிசோதனை எடுக்கிறார்கள். செத்த கிருமியின் மரபணுவையும் அந்தக் கருவி காட்டக்கூடும். "இன்னும் இருக்கிறது" என்று வந்து குடும்பமே நடுங்கிப்போகும். சிகிச்சைக்கிடையே முன்னேற்றத்தைப் பார்க்க நுண்ணோக்கிச் சளிப் பரிசோதனையே வழக்கம், அது இலவசம்.

8. ஊர் மாறினால்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நிலையத்தில் சொல்லுங்கள். நிக்ஷய் பதிவை நீங்கள் போகும் ஊரிலுள்ள மையத்துக்கு மாற்றிவிட முடியும்; வேறு மாநிலமாக இருந்தாலும் எண் அதேதான். போகும் இடத்தின் முகவரியையும் அங்கே உள்ளவரின் கைப்பேசி எண்ணையும் கொடுங்கள். மாற்றம் நடக்கும்வரை தாங்கும் அளவு மாத்திரையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே, மாத்திரை தீர்வதற்கு முன்பாக, அங்குள்ள மையத்தில் முகத்தைக் காட்டுங்கள். தம்பி இதைச் செய்திருந்தால் அந்த 19 நாள் நேர்ந்திருக்காது.

9. வீட்டில் இருப்பவர்களும் சாப்பாடும்

காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. தட்டு, டம்ளர், துணி வழியே பரவுவதில்லை. தனித்தட்டு வைப்பது நோயாளியின் மனத்தை உடைப்பதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாது. சன்னலைத் திறந்து வையுங்கள். முதல் சில வாரங்களுக்கு நோயாளி முகக்கவசம் அணியட்டும், காற்றோட்டமான இடத்தில் தனியே படுக்கட்டும். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பி, எரித்தோ புதைத்தோ விடுங்கள். மருந்து சரியாகச் சேரும்போது, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும்.

ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்புச் சிகிச்சை உண்டு: வாரம் ஒரு முறையாக 12 வேளையோ, தினமும் ஆறு மாதமோ. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் இதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் அண்ணன் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கு மருந்து தொடங்கிய பிறகே எனக்குத் தூக்கம் வந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக அது காட்டியது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடையே இறப்பும் குறைவாக இருந்தது. ஆகவே உதவித்தொகையை டானிக்குக்கும் ஊட்டச்சத்து மாவு டப்பாவுக்கும் செலவிடாதீர்கள். தினமும் இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, பருப்பு, சுண்டல், பால் போதும். நிக்ஷய் மித்ரா என்ற ஏற்பாட்டில் கொடையாளர்கள் தரும் உணவுப் பொட்டலமும் பல இடங்களில் கிடைக்கிறது. அதற்கு நோயாளியின் ஒப்புதல் பதிவாக வேண்டும். தானாக வராது, கேட்க வேண்டும்.

10. கடைசி வேளைக்குப் பிறகு

கடைசி மாத்திரை அட்டை தீர்ந்ததும் போகாமல் இருந்துவிடாதீர்கள். கடைசிச் சளிப் பரிசோதனையைக் கொடுத்து, சிகிச்சை முடிந்தது என்று அட்டையிலும் நிக்ஷய் பதிவிலும் எழுதியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். எலும்பு, மூளை ஆகியவற்றில் நோய் வந்தவர்களுக்குச் சிகிச்சை ஆறு மாதத்துக்கு மேலும் நீளும்; அவர்கள் ஆறாம் மாதத்தில் தாங்களாக நிறுத்தக் கூடாது.

அதன்பின் 6, 12, 18, 24ஆம் மாதங்களில் மறுபரிசோதனை உண்டு. யாராவது அழைப்பார்கள் என்று காத்திருக்காமல், நான்கு தேதிகளையும் இப்போதே குறித்து வையுங்கள். சிகிச்சை அட்டையையும் எக்ஸ்ரேயையும் அந்த இரண்டு ஆண்டும் பத்திரமாக வைத்திருங்கள். இடையில் இருமலோ மாலைக் காய்ச்சலோ திரும்பினால், எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக, "எனக்கு முன்பு காசநோய் வந்து மருந்து எடுத்திருக்கிறேன், நடுவில் இத்தனை நாள் விட்டிருக்கிறேன்" என்று சொல்லி, அந்த அட்டையை மேசைமேல் வையுங்கள்.